மூத்த கைகளுக்கு ஏற்ற தொழிற்களம்

"முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான்" என்று ஒரு பழமொழி உண்டு. மேலோட்டமாகக் கேட்டால் இது ஏமாற்றத்தைச் சொல்வது போலத் தோன்றும். பெரியவர்கள் இதற்கு வேறு பொருள் கூறுவார்கள். முருங்கையை நட்டு, அதன் கீரையையும் காயையும் உண்டு வாழ்பவன் முதுமையிலும் கையில் ஊன்றுகோல் இல்லாமல் வெறுங்கை வீசி நடப்பான் என்பதே அப்பொருள்.

ஆனால், அந்தக் காயைப் பறிப்பவர் யார் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. முருங்கைக் கிளை எளிதில் முறியும். ஆள் ஏறினால் தாங்காது. "முருங்கை மரத்தில் ஏறாதே" என்று சிறுவர்களை வீட்டில் எச்சரிப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இளைஞர்களே அஞ்சும் மரத்தில் அறுபது வயதுக்காரர் எப்படிக் காய் பறிப்பார்? "வயதாகிவிட்டது, இனி அவரால் முடியாது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். முடியாமற் போனதற்குக் காரணம் அவருடைய வயதா, அந்த மரத்தின் உயரமா?

இந்தக் கேள்விக்குப் பெரியகுளத்தில் ஒரு விடை கிடைத்தது. அதைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன், முதுமையும் தொழிலும் ஒன்றையொன்று சந்தித்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இது இன்று நம் மாநிலத்தின் முன் நிற்கும் பெரிய கேள்விகளுள் ஒன்றாகிவிட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 10.4 பேர். தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2021-இல் இது 13.6 ஆயிற்று, 2031-இல் 18.2 ஆகும். இந்திய நாடு முழுவதற்கும் 2031-இல் எதிர்பார்க்கப்படும் அளவு 13.1 மட்டுமே. நாட்டின் சராசரியைவிட நம் மாநிலம் வேகமாக மூத்து வருகிறது. கேரளம் மட்டும் நமக்கு முன்னே செல்கிறது.

இவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியம் பெறும் அலுவலர்கள் அல்லர். 2017-18-இல் நாடு தழுவிய அளவில் நடந்த முதுமை பற்றிய ஆய்வில், அறுபது வயதைக் கடந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது தெரியவந்தது. கிராமங்களில் இந்த அளவு நகரங்களைவிட அதிகம். முதியோர் வேலை செய்யலாமா கூடாதா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் வயலிலும் தோட்டத்திலும் சந்தையிலும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

பழைய ஊரில் வயதுக்கேற்ற வேலை

இயந்திரங்கள் வருவதற்கு முன் உழவுத் தொழிலில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று இல்லை. உடல் தளரத் தளர வேலை மாறும், அவ்வளவுதான். ஏர் பிடித்தவர் வரப்பில் நின்று மடை திருப்புவார். கதிர் அறுத்தவர் களத்துமேட்டில் காவல் இருப்பார். சுமை தூக்கியவர் திண்ணையில் அமர்ந்து கயிறு திரிப்பார், கூடை முடைவார். விதை தேர்வதும், கன்றுகாலிகளைக் கவனிப்பதும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் மூத்த பெண்களின் பொறுப்பு.

இதைப் பொற்காலம் என்று எண்ணிவிட வேண்டாம். சொந்த நிலம் உள்ளவருக்கே இந்த ஏற்பாடு கைகொடுத்தது. கூலிக்கு உழைத்தவர் கடைசி மூச்சு வரை குனிந்து நிமிர வேண்டியிருந்தது. எனினும் ஓர் உண்மை இங்கே உண்டு. வேலை பல கூறுகளாக இருந்ததால், அவற்றுள் ஒன்று எந்த வயதுக்காவது பொருந்தியது. வேகத்தை நிர்ணயித்தவரும் பெரும்பாலும் வேலை செய்பவரே.

ஆலையும் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் வந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. நூற்பு இயந்திரம் ஒரே வேகத்தில் ஓடும். அதன் முன் நின்று அறுந்த இழையை முடிபவர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். இருபது வயதினருக்கும் ஐம்பது வயதினருக்கும் இயந்திரம் ஒன்றே; வேகமும் ஒன்றே.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. அது கேட்ட கேள்வி, "எவ்வளவு சிறிய பிள்ளையை வேலைக்கு வைக்கலாம்?" என்பதே. ஏழு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கக் கூடாது, ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என்று அது விதித்தது. 1891-இல் குறைந்த வயது ஒன்பதாயிற்று. 1911-இல் நெசவாலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேர வரம்பு வந்தது. 1922-இல் வாரத்துக்கு 60 மணி, 1948-இல் வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரம் படிப்படியாகக் குறைந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோரும் ஆலைக்குள் வராமல் தடுக்கப்பட்டனர். இவை அனைத்தும் போராடிப் பெற்ற நன்மைகள். ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த இந்தச் சீர்திருத்தத்தில், மூத்த தொழிலாளியின் உடலுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி எழவே இல்லை.

முதுமைக்கு உலகம் கண்ட முதல் விடை வேறு. 1889-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பட்டது. ஓய்வூதிய வயது எழுபது. அது 1916-இல் அறுபத்தைந்தாகக் குறைக்கப்பட்டது. பிரிட்டன் 1908-இல் எழுபது வயதினருக்கு ஓய்வூதியம் வழங்கியது. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1962-இல் 55-லிருந்து 58 ஆகவும், 1998-இல் 60 ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 58 என்றிருந்தது 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆயிற்று.

அரசு வேலை இல்லாத ஏழை முதியோருக்காக, நம் மாநிலம் 1962-இல் மாதம் 20 ரூபாய் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் அத்தொகை உயர்த்தப்பட்டது. ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய்! இதை மட்டும் நம்பி வாழ இயலாது என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே முதியவர் வேலைக்குச் செல்கிறார். சென்ற இடத்திலோ எல்லாம் இளைஞரின் உடலுக்கே அளவெடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.

உடல் உண்மையில் எவ்வாறு மாறுகிறது?

முதலில் கண்ணைப் பார்ப்போம். நாற்பது வயதை ஒட்டிக் கண் வில்லையின் நெகிழ்ச்சி குறைந்து, அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியத் தொடங்குகின்றன. இதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் வெள்ளெழுத்து. அத்துடன் கண்மணி சுருங்குகிறது, வில்லை பழுப்பேறுகிறது. இதனால் அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஒரே அறையில், ஒரே விளக்கின் கீழ் பேரனும் தாத்தாவும் அமர்ந்திருந்தாலும் தாத்தா அரை இருட்டில் அமர்ந்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்தது உடலின் உழைப்பாற்றல். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியுமோ, அதுவே இதன் அளவுகோல். முப்பது வயதுக்குப் பின் இது பத்தாண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் குறைகிறது. எட்டு மணி நேரம் தொடர்ந்து உழைக்க வேண்டுமானால், இந்த உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமலிருப்பது நல்லது என்பது உடலியலார் கருத்து.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒருவருடைய ஆற்றல் இளமையில் 100 என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்யும் வேலைக்கு 33 தேவை. அது தாங்கக்கூடியதே. அறுபதை நெருங்கும்போது ஆற்றல் ஏறத்தாழ 70 ஆகிவிடும். வேலைக்கு இன்னமும் 33 தேவை. முன்பு மூன்றில் ஒரு பங்காக இருந்த அதே வேலை, இப்போது ஏறத்தாழப் பாதி ஆற்றலை விழுங்குகிறது. அவர் சோம்பேறியாகிவிடவில்லை, அதே மூட்டை அவருக்குக் கனத்துவிட்டது. இடையிடையே ஓய்வு கொடுத்தால், அல்லது மூட்டையைச் சிறிதாக்கினால், கணக்கு மீண்டும் நேராகிவிடும்.

தசை வலிமையும் அறுபதுகளில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ குறைகிறது. வியர்வை சுரப்பது மந்தமாகிறது. தாக உணர்ச்சி குறைவதால், நீர் தேவைப்படும்போதும் குடிக்கத் தோன்றாது. கோடை வெயிலில் வேலை செய்யும் முதியவர்கள் எளிதில் சுருண்டு விழுவதற்கு இவை காரணங்கள்.

இத்தனை குறைகளையும் ஈடுகட்டும் ஒன்று உண்டு. அது பழக்கம். 1984-இல் அமெரிக்க உளவியலாளர் டிமதி சால்ட்ஹவுஸ், 19 முதல் 72 வயது வரையுள்ள தட்டச்சர்களை ஆராய்ந்தார். மூத்தவர்களின் விரல் அசைவு மெதுவாகவே இருந்தது. ஆனால் தட்டச்சு வேகத்தில் அவர்கள் பின்தங்கவில்லை. எப்படி? தட்டிக்கொண்டிருக்கும் எழுத்துக்கு மிகவும் முன்னதாகவே அவர்கள் கண் அடுத்த சொற்களைப் படித்துவிடுகிறது. விரல் இழந்த நேரத்தை அனுபவம் மீட்டுத் தருகிறது.

இதற்கும் முன்பே, 1946-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆலன் வெல்ஃபோர்டு தலைமையில் ஓர் ஆய்வுப் பிரிவு, முதுமையும் தொழில்திறனும் பற்றி ஆராயத் தொடங்கியது. போருக்குப் பின் ஆள் பற்றாக்குறையால் தவித்த நாடு அது. மூத்தோரைத் தொழிலில் நிலைக்க வைப்பது எப்படி என்று அறிய வேண்டியிருந்தது. கனம் தூக்குவது மட்டுமல்ல, இயந்திரம் குறித்த வேகத்தில் ஓயாது செய்ய வேண்டிய வேலையும் மூத்தோருக்குப் பெருந்தடை என்று அந்த ஆய்வுகள் காட்டின. தம் வேகத்தில் செய்ய விட்டால் மூத்தவர் மெதுவாக, ஆனால் பிழை குறைவாகச் செய்வார். வேலையை மனிதனுக்கு ஏற்ப அமைக்கும் இந்த அறிவியலே பணிச்சூழலியல் எனப்படுகிறது. இதற்கு 1857-லேயே பெயர் சூட்டியவர் போலந்து அறிஞர் யஸ்ட்ரெம்பொவ்ஸ்கி.

ஒரு மருத்துவரின் விரல்கள்

இந்த அறிவியலுக்கு நம் அருகிலேயே ஓர் ஒப்பற்ற சான்று உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-இல் வடமலாபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். இராணுவ மருத்துவராகப் பணியாற்றியபோது கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948-இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். விரல்கள் கோணிவிட்டன, பேனா பிடிப்பதே அரிதாயிற்று. அப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த துறை கண் அறுவை மருத்துவம்! தம் விரல்களின் வளைவுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பயின்றார். வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் செய்தார்.

1976-இல், 58-ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து அவர் ஓய்வு பெற வேண்டியிருந்தது. அதே ஆண்டு மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1980-களில் அதன் கிளை தேனியிலும் அமைந்தது. அங்கு அறுவை அரங்கின் அமைப்பே கவனிக்கத்தக்கது. மருத்துவரின் இரு புறமும் இரு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தம் செய்துவிடுகின்றனர். மருத்துவர் எழுந்து அலைய வேண்டியதில்லை. திறமை தேவைப்படும் வேலைக்கே அவருடைய ஆற்றல் முழுவதும் செலவாகிறது.

விரல் கோணினால் கருவியை மாற்று. உடல் களைத்தால் அரங்கை மாற்று. ஒரு பேரறிஞருக்குப் பயன்பட்ட இந்த முறை, களை எடுக்கும் மூதாட்டிக்கும் ஏன் பயன்படக் கூடாது?

பள்ளத்தாக்கின் தொழிற்களங்கள்

தொழிற்களம் என்றதும் ஆலையும் அலுவலகமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலோருக்குத் தொழிற்களம் என்பது தோட்டமும் சந்தையுமே. அவற்றை ஒரு பணிச்சூழலியலாரின் கண்கொண்டு பார்த்தால், உடலைப் பற்றிய பாடநூல் ஒன்றைப் புரட்டுவது போலிருக்கும்.

முதலில் திராட்சைப் பந்தல். கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரங்களில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கொடியைப் படர விடுகிறார்கள். கவாத்து செய்வதும், கொடியைக் கட்டுவதும், குலை அறுப்பதும் கையைத் தலைக்குமேல் தூக்கியபடி செய்யும் வேலைகள். தோளுக்குமேல் கை நீண்ட நேரம் நின்றால் தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படும். மூத்தவர்களின் தோள் நாண்கள் எளிதில் நைந்துவிடும். ஓர் அடி உயரமுள்ள, ஆடாத பலகை மேடை ஒன்றைக் காலடியில் போட்டால் கை தோள் மட்டத்துக்கு இறங்கிவிடும். இன்னொன்றும் கவனியுங்கள். வெள்ளெழுத்துக்காக இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிந்தவர், அருகே பார்க்க அதன் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். தலைக்கு மேலுள்ள குலையை அப்படிப் பார்க்க, கழுத்தைப் பின்னால் முழுவதும் சாய்க்க வேண்டியதாகிறது. பந்தல் வேலைக்கென்று அருகுப் பார்வைக் கண்ணாடி ஒன்று தனியே இருந்தால் கழுத்து பிழைக்கும்.

பந்தலுக்கு நேர் எதிரானது ஏலத்தோட்டம். கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக நம் பெண்கள் ஜீப்புகளில் மலையேறிக் கேரளத் தோட்டங்களுக்குச் சென்று வருகிறார்கள். ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளர்ந்தாலும், காய் பிடிப்பதோ தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில். சரிவான நிலத்தில் குனிந்தும் குந்தியும், நிழலின் மங்கலான ஒளியில், பழுத்த காயையும் பிஞ்சையும் நிறம் பார்த்துப் பிரித்துப் பறிக்க வேண்டும். இடுப்பு, முழங்கால், கண் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சோதிக்கும் வேலை இது.

மூன்றாவது, பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியின் பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலைக் கிராமங்களின் மலைப்பூண்டு இங்கே வருகிறது. பூண்டின் வேரையும் தாளையும் நறுக்கி, பருமன் வாரியாகப் பிரித்து, மூட்டை கட்டும் வேலை தரையில் அமர்ந்து செய்யப்படுவது. முழங்கால் தேய்ந்தவருக்குத் தரையில் உட்கார்வதைவிட எழுந்திருப்பதே பெரும்பாடு. இடுப்பளவு மேசையும் ஒரு முக்காலியும் இருந்தால், பத்தாண்டுகள் கூடுதலாக அவர் இவ்வேலையைச் செய்யலாம். மூட்டையின் எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வயது வந்த ஆண் சுமக்கும் எடைக்கு 55 கிலோ என்று உச்ச வரம்பு கூறியது. 1991-இல் அமெரிக்கத் தொழில்நலக் கழகம் ஒன்று, எல்லா நிலைமைகளும் சாதகமாக இருக்கும்போதே 23 கிலோவுக்கு மேல் கையால் தூக்குவது நல்லதன்று என்றது. ஐம்பது கிலோ மூட்டையை இரண்டாகப் பிரித்தால் சாக்கு ஒன்று கூடுதலாகச் செலவாகும். ஒரு முதுகு மிஞ்சும்.

மரம் தாழ்ந்தது

இப்போது முருங்கைக்குத் திரும்புவோம். பெரியகுளத்தில் 1957-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், பின்னர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கு 1980-களின் இறுதியில் உருவானது பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கை. பி.கே.எம். என்பது பெரியகுளத்தையே குறிக்கும். பழைய மரமுருங்கை போத்து நட்டு வளர்ப்பது, ஓங்கி வளர்வது. செடிமுருங்கை விதை போட்டு வளர்ப்பது. ஆறு மாதத்தில் காய்த்துவிடும்.

இதை வளர்க்கும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. விதைத்து இரண்டு மாதமாகிச் செடி 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி விடுகிறார்கள். உடனே பக்கக் கிளைகள் வெடிக்கின்றன. செடி மேலே ஓடாமல் அகலமாகப் படர்கிறது. ஓராண்டுக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் தழைத்துக் காய்க்கும். காயில் பெரும்பகுதி தரையில் நின்றபடியே, தொரட்டியால் எட்டும் உயரத்தில் கிடைக்கிறது. ஏற வேண்டியதில்லை.

பெரியகுளத்தை அடுத்த எண்டப்புளி என்னும் ஊரின் புளிய மரம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த பி.கே.எம். 1 புளியும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒட்டுக்கட்டிப் பெருக்குவதால் சில ஆண்டுகளிலேயே தாழ்ந்த கிளைகளில் காய்க்கத் தொடங்குகிறது. சாலையோரப் புளிய மரத்தின் உச்சிக்கிளையில் நின்று உலுக்குபவரை நினைத்துப் பாருங்கள், வேறுபாடு விளங்கும். மாந்தோப்புகளிலும் இன்று நெருக்கி நட்டு, ஆண்டுதோறும் கவாத்து செய்து, மரத்தைக் கைக்கெட்டும் உயரத்தில் நிறுத்தும் முறை பரவி வருகிறது.

இவை எவையும் முதியோரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. விளைச்சலும் வருமானமும் பெருக வேண்டும் என்பதே ஆராய்ச்சியாளரின் நோக்கம். ஆனால் விளைவைப் பாருங்கள். ஏணியும் ஏறும் துணிவும் வேண்டியிருந்த வேலை, ஒரு பாட்டியும் செய்யக்கூடிய வேலையாயிற்று. மனிதனை மாற்ற முடியாதபோது மரத்தை மாற்ற முடிந்தது. நோக்கமின்றியே இவ்வளவு நடக்குமானால், முதியோரை எண்ணி முயன்றால் எவ்வளவு நடக்கும்!

கண்ணாடி தந்த கூலி

அவ்வாறு எண்ணிச் செய்த சோதனை ஒன்று அசாமில் நடந்தது. தேயிலை பறிக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 பேரை ஆய்வாளர்கள் சேர்த்தனர். அனைவருக்கும் வெள்ளெழுத்து இருந்தது. அவர்களை இரு கூறாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் அருகுப் பார்வைக் கண்ணாடியை இலவசமாகக் கொடுத்தனர். மற்றப் பிரிவினருக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தனர். 2018-இல் முடிவு வெளியாயிற்று. கண்ணாடி அணிந்தவர்கள் பறித்த தேயிலையின் அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 22 வீதம் கூடியிருந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் இந்த முன்னேற்றம் இன்னும் அதிகம்.

இதன் பொருளைச் சிந்தியுங்கள். அத்தனை காலமும் "வயதாகிவிட்டது, கை மந்தமாகிவிட்டது" என்றே அவர்களைப் பற்றி எண்ணியிருப்பார்கள். மந்தமானது கையன்று. கண்ணுக்குக் கொழுந்து தெரியவில்லை, அவ்வளவே. எடைக்கூலி வாங்குபவருக்கு இந்த 22 வீதம் அரிசியும் பருப்புமாகும். நம் ஏலத்தோட்டங்களிலும் பூண்டுக் கிடங்குகளிலும் உழைப்போருக்கு இத்தகைய கண் சோதனை கிடைத்தால், விளையும் பயனை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

உயர்ந்த தொழில்நுட்பம் கொண்ட ஆலைகளிலும் பாடம் இதுவே. 2007-இல் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் நகரில் பி.எம்.டபிள்யூ. கார்த் தொழிற்சாலை ஒரு சோதனை செய்தது. பத்தாண்டு கழித்துத் தன் தொழிலாளரின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று அது கணக்கிட்டது. அதே சராசரி வயதுள்ள 42 பேரை ஒரு வேலைப் பிரிவில் அப்போதே அமர்த்தியது. "எங்கே வலிக்கிறது, எதை மாற்றலாம்?" என்று அவர்களையே கேட்டது. சிமெண்டுத் தரைக்குப் பதில் மரத்தரை, உயரம் கூட்டிக் குறைக்கும் நாற்காலி, உருப்பெருக்கும் கண்ணாடி, பெரிய எழுத்துகள், இடையிடையே வேலை மாற்றம் என எழுபது சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. மொத்தச் செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 வீதம் உயர்ந்தது.

பின்லாந்தில் 1981-இல் தொடங்கி நகராட்சி ஊழியர்களைப் பதினோர் ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் இன்னொரு செய்தி கிடைத்தது. வயது ஏற ஏறச் சிலரின் வேலைத்திறன் குறைந்தது, சிலருடையது உயர்ந்தது. உயர்ந்ததற்கான காரணங்களுள் முக்கியமான ஒன்று, மேற்பார்வையாளர் அவர்களை மதித்து நடத்திய விதம். நாற்காலி, விளக்கு, கண்ணாடி ஆகியவற்றுடன் மரியாதையும் ஒரு தொழிற்கருவி என்று ஆய்வே சொல்கிறது.

உட்காரும் உரிமை

சட்டமும் மெல்லத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்றே வேலை செய்ய வேண்டியவர் இடையில் உட்கார வசதி செய்ய வேண்டும் என்றது. ஆனால் அது ஆலைகளுக்கு மட்டும். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுவதும் நின்ற விற்பனைப் பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை வழங்கின. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இருக்கை வசதியைக் கூறுகிறது. குறிப்பிட்ட வயதினருக்குக் கட்டணமில்லாத ஆண்டு உடற்சோதனையையும் கூறுகிறது.

ஒரு முக்காலிக்காகச் சட்டமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது என்பது வியப்பாக இல்லையா? மேலும், முதியோரில் பெரும்பாலோர் உழைக்கும் வயல், தோட்டம், சந்தைத்திண்ணை ஆகியவற்றுக்குள் இச்சட்டங்கள் எளிதில் நுழைவதில்லை. இதில் ஒரு நல்ல விதிவிலக்கு, 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் நடந்த நூறு நாள் வேலை. வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்க வேண்டும் என்று அதில் விதி இருந்தது. குடிநீர் வழங்குவது, குழந்தைகளைக் கவனிப்பது போன்ற இலகுவான பணிகளை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்க இடமிருந்தது. பழைய ஊரின் வழக்கம் சட்டத்தின் வழியே திரும்பி வந்தது எனலாம்.

நாம் செய்யக்கூடியது

மாணவர்களே, இந்தப் பொருளில் ஆய்வு செய்யப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஐம்பது வயதைக் கடந்தவர் வேலை செய்யும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓர் அளவுநாடா, ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு போதும். கை எவ்வளவு உயரத்தில் இயங்குகிறது? ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை குனிகிறார்? மூட்டையின் எடை என்ன? நிழல் எத்தனை அடி தூரத்தில் உள்ளது? தண்ணீர்க்குடம் எங்கே? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, எதை மாற்றினால் நல்லது என்று அவரிடமே கேளுங்கள். டிங்கோல்ஃபிங் ஆலையில் நடந்ததும் அதுவே. நாற்பது ஆண்டுகள் ஒரு வேலையைச் செய்தவருக்கு, அது தம்மை எங்கே வருத்துகிறது என்பது எந்தப் பொறியாளரையும்விட நன்றாகத் தெரியும். அரிவாளின் பிடியில் துணி சுற்றினால் போதும் என்பார் ஒருவர். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, உச்சி வெயிலில் ஓய்வு விட்டால் போதும் என்பார் இன்னொருவர். இவற்றுள் பலவற்றுக்குச் செலவே ஆகாது.

இன்று இதைப் படிக்கும் உங்களுக்குப் பதினைந்தோ இருபதோ வயதிருக்கலாம். நீங்கள் அறுபதை எட்டும்போது தமிழ்நாட்டில் முதியோரின் பங்கு இன்றைவிட மிகவும் கூடியிருக்கும். இப்போது உங்கள் பாட்டிக்காக ஒரு மேசையின் உயரத்தை நீங்கள் திருத்தினால், அந்த மேசையில் பிற்காலத்தில் நீங்களே அமர நேரலாம்.